ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு



நம் காரைக்காலில் அரசலாறு நிரம்பி ஓடும்போது, கரையில் மண் இளகிய இடத்தைத்தான் தண்ணீர் முதலில் தள்ளும். நம் ரத்தக்குழாயிலும் சுவர் மெலிந்த இடம் அப்படித்தான் வெளியே புடைக்கிறது. இதை அனியூரிசம் என்கிறார்கள். பெரும்பாலும் வலியே இருக்காது; கவலையே அதுதான்.

வயிற்றில் ஓடும் பெருந்தமனி சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 3 சென்டிமீட்டரைத் தொட்டால் அனியூரிசம். விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கு இது இருந்தது. 1948-ல் டாக்டர் ருடால்ஃப் நிசென் அதன்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். ஆறு ஆண்டுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்து உயிரைப் பறித்தது.

மூளையில் உள்ள புடைப்பு வெடித்தால் நேரம் இன்னும் குறைவு. இதுவரை கண்டிராத தலைவலி, நொடியில் உச்சத்துக்குப் போகும். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், சிலர் மயங்கி விழுவார்கள். தயவுசெய்து தைலம் தேய்த்துப் படுக்கவைக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டோ, தொடைவழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் நிரப்பியோ அடைக்கிறார்கள்.

மூளை அறுவை சிகிச்சைக்குச் சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-ல் தனிப்பிரிவு தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. நமக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர்!

பீடி, சிகரெட்டும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும்தான் சுவரை மெலியவைப்பதில் முன்னிற்பவை. 65 வயதைத் தாண்டிய, புகைபிடித்த ஆண்கள் வயிற்றை ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.