திருத்திய தாள் திரும்பி வரட்டும்



1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக்குழு அமைந்தது. ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால், அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்று மறு ஆண்டே அந்தக் குழு எழுதிவைத்தது. அறுபதுகளில் கோத்தாரி குழுவும் அதை வற்புறுத்தியது. பிறகு செமஸ்டர் வந்தது. இன்டர்னல் மார்க் வந்தது. 1978-ல் தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகளும் வந்தன. கேள்வித்தாள் மாறியதா?

இப்போது கேள்விக்குப் பக்கத்தில் கே1, கே2, கே3 என்று சிந்தனைப் படிநிலையை அச்சிடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கே4, அதாவது பகுத்தாய்வு, என்று போட்ட கேள்விக்கும் ஜெராக்ஸ் கடை நோட்ஸில் விடை வரிக்கு வரி இருக்கிறதே! அதை ஒப்பித்து எழுதுகிற பிள்ளை எதைப் பகுத்துப் பார்த்தது?

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருவோம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. கடைசித் தாளுக்கு வரும்போது கண்ணும் கையும் ஓய்ந்துவிடும். 1935-ல் இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே தேர்வாளர்களிடம் மறுபடியும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 மாறிப்போயின! தேறியவர் தவறினார், தவறியவர் தேறினார். அந்தத் தேர்வாளர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர், அனுபவசாலிகள். மனிதக் கை போடுகிற மார்க் அப்படிப்பட்டது. அந்த ஒற்றை மார்க்கை நம்பித்தான் ஒரு பிள்ளைக்கு அரியர் விழுகிறது, வேலை கைநழுவுகிறது.

எனக்குப் பெரும் வேதனை தருவது வேறொன்று. பல்கலைக்கழகத் தேர்வில் எழுதிய தாள் எழுதியவர் கைக்கு வருவதே இல்லை. எங்கே தவறினோம் என்று பார்க்க வேண்டுமானால் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். வாங்கினாலும் ஓரத்தில் எண் இருக்கும். ஏன் அந்த எண் என்பதற்கு ஒரு சொல் இருக்காது. தவறு தெரியாமல் மாணவர் எப்படித் திருந்துவார்? மார்க் போடுவதோடு ஆசிரியர் வேலை முடிந்துவிடுமா?

பல்கலைக்கழகம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்டர்னல் தேர்வு நம் கையில்தானே இருக்கிறது! ஒரு வகுப்பில் அறுபது பேர், எழுபது பேர் என்றால் ஒவ்வொரு தாளிலும் பக்கம் பக்கமாக எழுத முடியாது. அது எனக்கும் தெரியும். இரண்டு வரி போதும். "சூத்திரம் சரி, ஏன் இதைப் பயன்படுத்தினாய் என்று சொல்லவில்லை" என்று எழுதினாலே அந்தப் பிள்ளைக்கு வழி தெரிந்துவிடும். மாணவர்களே, நீங்களும் விளக்கம் கேட்கத் தயங்கக் கூடாது. அது உங்கள் உரிமை.

ஆசிரியர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். அடுத்த இன்டர்னலில் எந்த நோட்ஸிலும் இல்லாத ஒரு கேள்வியாவது கேளுங்கள். எதற்கு எவ்வளவு மார்க் என்பதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் தாளைத் திருப்பிக் கொடுங்கள். தவறிய விடையைத் திருத்தி எழுத மாணவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.