எஞ்சிய கரியும் ஓர் அமானிதமே



அன்பார்ந்த நேயர்களே! மதிப்பிற்குரிய பெற்றோர்களே! வாலிபச் சகோதர சகோதரிகளே!

உழ்ஹிய்யா நாட்களில் உரியவர்களுக்குப் பங்கிட்டு எஞ்சிய இறைச்சியை, இரவில் வீட்டு முற்றத்தில் கரியடுப்பு மூட்டிச் சுட்டு உண்பது நம் இளைஞர்களிடையே வழக்கமாகி வருகின்றது. உற்றார் ஒன்றுகூடி உண்பது பரகத்தான காரியம்தான். ஆயினும், உண்டு முடித்து அனைவரும் எழுந்த பின்னர், அடுப்பில் பாதி எரிந்து கனன்றுகொண்டிருக்கும் கரியின் நிலை என்ன? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

பலர் அதனை அப்படியே எரிந்து சாம்பலாக விட்டுவிடுகின்றனர். சிலர் வாளித் தண்ணீரைக் கொட்டுகின்றனர். வேறு சிலர் குழிதோண்டி மணலால் மூடுகின்றனர். முதலாவது வீண்விரயம், மற்றைய இரண்டும் ஆபத்து. கனலில் நீர் பட்டதும் எழும் கொதிநீராவி முகத்தையும் கையையும் சுட்டுவிடும். மணலுக்கடியில் புதைந்த தணலோ பல மணி நேரம் சூடாகவே இருக்கும். மறுநாள் வெறுங்காலுடன் விளையாட வரும் பிள்ளைக்கு அது தெரியுமா?

நேயர்களே! மரபு முறையில் 1 கிலோ சிரட்டைக் கரி பெறுவதற்கு 3 கிலோவுக்கும் அதிகமான சிரட்டை எரிக்கப்படுகின்றது. அதன் பின்னால் தோட்டத்தின் விளைச்சலும் தொழிலாளியின் வியர்வையும் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டு எரிவாயுவுக்காக நாம் நீண்ட வரிசைகளில் காத்துநின்றதையும், விறகையும் கரியையும் தேடி அலைந்ததையும் அதற்குள் மறந்துவிடலாமா? கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூடத் துப்புரவாக்கி உண்ணுமாறு கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். கவளத்திற்குரிய அந்த ஒழுக்கம் அதனைச் சமைத்த எரிபொருளுக்கும் பொருந்தும் அல்லவா?

கரியைச் சேமிக்கும் வழி இலகுவானது. காற்றிலுள்ள ஒட்சிசன் கிடைக்காவிடின் நெருப்பு அணைந்துவிடும். மூடியுள்ள அடுப்பாயின், மூடியையும் காற்றுத் துவாரங்களையும் முற்றாக அடைத்துவிடுங்கள். திறந்த அடுப்பாயின், தணலை நீண்ட இடுக்கியால் எடுத்து, இறுக்கமான உலோக மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இட்டு மூடுங்கள். பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடி உருகிவிடும், அதனைப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பாத்திரம் வீட்டிற்கு வெளியே, சீமெந்துத் தரையில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மறுநாள் வரை இருக்கட்டும். இடையில் திறந்து பார்க்க வேண்டாம். காற்றுப் பட்டால் தணல் மீண்டும் உயிர்பெறும்.

நன்கு ஆறிய பின் சாம்பலை உதறி, கரியை ஈரம் படாமல் பாதுகாத்து வையுங்கள். ஏற்கனவே நனைந்த கரியாயின் வெயிலில் நன்கு உலர்த்தினால் மீண்டும் பயன்படும். பழைய கரி விரைவில் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால், அடுத்த முறை புதிய கரியுடன் கலந்து மூட்டுங்கள். சிறு துண்டுகள் சாம்பிராணி போடுவதற்கு உதவும். கலப்பற்ற கரியின் சாம்பலைச் சிறிதளவு மரக்கறித் தோட்டத்து மண்ணில் தூவலாம்.

குறிப்பாக வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. மழை வந்துவிட்டது என்பதற்காகக் கனலும் அடுப்பை அறைக்குள்ளோ வாகனத் தரிப்பிடத்துக்குள்ளோ எடுத்துச் செல்லாதீர்கள். கரியிலிருந்து வெளியாகும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். மங்கிய தணலை மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. தீ கையிலுள்ள போத்தல் வரை தாவும்.

மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு எரிந்த செய்தி எட்டியபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ்களில் வந்துள்ளது. தகரத்தில் இட்டு மூடப்படும் தணல் அந்தப் போதனையையும் நிறைவேற்றுகின்றது, வீண்விரயத்தையும் தடுக்கின்றது.

பெற்றோர்களே! இந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள வளர்ந்த பிள்ளையிடம் ஒப்படையுங்கள். முதன்முறை அருகில் நின்று காட்டிக்கொடுங்கள். கரியைப் பேணப் பழகும் கை, நாளை பணத்தையும் நேரத்தையும் பேணப் பழகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் வீண்விரயத்திலிருந்தும் நெருப்பின் தீங்கிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.