சம்பளச் சிட்டையை மறைக்க வேண்டாம்

(உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக எமது மாவட்டக் காரியாலயத்தில் நடந்த ஞாயிறு கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மழையிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

கடந்த வருடம் ஒரு தகப்பனார் இதே காரியாலயத்துக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் செய்து நல்ல பெறுபேறு எடுத்தவள். கடிதம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்தது. புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது என்று டவுனில் இருந்த ஏஜென்ட் ஒருவர் சொல்லி, மூன்று இலட்சம் ரூபா கேட்டிருந்தார். தாயார் ஐம்பது வயதில் வேலையிலிருந்து நின்று எடுத்த சேமலாப நிதிக் காசில் ஒன்றரை இலட்சத்தை அவர் கையில் கொடுத்தும் முடிந்திருந்தது. கடிதத்தை நாங்கள் வாசித்துப் பார்த்தோம். முதல் பக்கத்தில் ஆண்டுக்கு 18,000 டொலர் புலமைப்பரிசில் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 49,000 டொலர் என்று சின்ன எழுத்தில் இருந்தது. மிச்சம் 31,000 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 93 இலட்சம். அப்படி நான்கு வருடம் கட்ட வேண்டும். தகப்பனார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ ஸ்கொலஷிப்னு சொன்னது என்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காசு திரும்பி வரவில்லை. பிள்ளை இன்று நம் நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு நாம் ஒழுங்கான பதில் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் நம் எல்லோருக்கும் தெரியும். பரீட்சை எழுதி வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் கிடைக்கும். அமெரிக்காவும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அந்த நாட்டு அரசாங்கம் தன் பிள்ளைகளின் முதல் பட்டப்படிப்புக்குக் கொடுக்கும் உதவிப் பணம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அங்குள்ள மாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பிள்ளையின் வறுமையைப் பார்த்து முழுச் செலவைக் கொடுப்பது அபூர்வம். கொடுப்பவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான். பழைய மாணவர்களும் செல்வந்தர்களும் கொடுத்த நன்கொடைகளை அவர்கள் ஒரு பெரிய நிதியாக முதலீடு செய்து, அதன் வருமானத்திலிருந்து வருடா வருடம் செலவு செய்கிறார்கள். ஹார்வர்டின் நிதி மட்டும் 5,000 கோடி டொலருக்கு மேல்.

இந்தக் கல்லூரிகள் கணக்குப் பார்க்கும் விதம் இதுதான். ஒரு வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? அதில் இந்தக் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும்? இரண்டுக்கும் இடையில் உள்ள தொகையை அவர்கள் "தேவை" என்கிறார்கள். எடுத்த பிள்ளையின் தேவை முழுவதையும் கொடுக்கும் கல்லூரி எது, கொஞ்சம் மட்டும் கொடுக்கும் கல்லூரி எது என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில், மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் 33,750 ரூபா. வருடத்துக்கு நான்கு இலட்சத்து ஐயாயிரம், அதாவது 1,350 டொலர். ஹார்வர்டில் ஒரு வருடச் செலவு 80,000 டொலருக்கு மேல். ஒருவர் 59 வருடத்துக்கு மேல் மலைக்குப் போனால்தான் ஒரு வருடப் படிப்பு முடியும். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் அதே ஹார்வர்டில், ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் டொலருக்குக் குறைந்த, பெரிய சொத்துகள் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் இலவசம். எந்த நாட்டுப் பிள்ளை என்று அங்கே வேறுபாடு பார்ப்பதில்லை. நம் சம்பளச் சிட்டையைப் பார்த்து இந்த நாட்டில் யாரும் மரியாதை கொடுத்ததில்லை. அங்கே அந்தக் காகிதத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் போன்ற மிகச் சில இடங்களில், வெளிநாட்டுப் பிள்ளை பண உதவி கேட்டது பிள்ளையைத் தெரிவு செய்வதைப் பாதிக்காது. பெரும்பாலான மற்றக் கல்லூரிகள் அதையும் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. வில்லியம்ஸ், சுவார்த்மோர், வஸார், மெக்கலெஸ்டர் போன்றவை அப்படிப் பார்த்தாலும், எடுத்த பிள்ளைக்குத் தேவை முழுவதையும் கொடுக்கின்றன. மெக்கலெஸ்டர் என்ற பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த கானா நாட்டுக்காரர் கோபி அனான் படித்தது அங்கேதான். இவற்றை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். "ஆர்ட்ஸ்" என்றதும் கலைப்பிரிவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பௌதிகவியலும் இரசாயனவியலும் கணினியும் அங்கே உண்டு. ஆனால் டொக்டர் படிப்பு அங்கே முதல் பட்டமாக இல்லை. நான்கு வருடம் வேறொன்று படித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பிள்ளை டொக்டர் ஆவதுதான் ஒரே கனவு என்றால், இந்த வழி நீளமானது.

உதவி கேட்டால் இடம் கிடைக்காது, முதலில் இடத்தை வாங்குவோம், பிறகு கேட்போம் என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்ட்மார் இருக்கிறார்கள். இது பெரிய பொறி. விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு கொடுப்பதில்லை என்று பல கல்லூரிகள் எழுத்திலேயே சொல்கின்றன. முதல் நாளே கேளுங்கள்.

கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரியா கல்லூரியைப் பற்றி கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறோம். அது மலையடிவாரத்தில் உள்ள கல்லூரி. அடிமை முறையை எதிர்த்த ஜோன் பீ என்ற மதபோதகர் 1855இல் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும், ஆண்களும் பெண்களும் ஒன்றாக இருந்து படித்த இடம். அப்படிப் படிக்கக் கூடாது என்று 1904இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. கல்லூரி உயர் நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றது. 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மீண்டும் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க முடிந்தது. சட்டத்தால் ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று 1948ஐ அனுபவித்த சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை. அந்த மலைகளின் மற்றப் பக்கத்தில் ஹார்லன் என்ற நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம் இருக்கிறது. கம்பனி வீடு, கம்பனிக் கடை, சங்கம் வைத்தால் வீட்டை விட்டு வெளியேற்றம் என்று 1930களில் அங்கே நடந்ததை வாசித்தால் நம் லயத்துக் கதையை வாசிப்பது போலவே இருக்கும்.

பெரியாவில் எந்தப் பிள்ளையும் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையை அங்கே எடுப்பதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும். சமையலறை, தோட்டம், நூலகம், ஆய்வுகூடம், தறி என்று பல வேலைகள். விளக்குமாறு கட்டும் பட்டறைகூட இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு முதல் வருடம் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் கல்லூரியே வழி செய்கிறது. அடுத்த வருடங்களில், விடுமுறையில் வேலை செய்து ஆண்டுக்கு 1,000 டொலர் சேர்த்துத் தங்கள் பங்காகக் கட்ட எதிர்பார்க்கிறார்கள். வேலை செய்வது கேவலம் என்று நினைக்காத பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்குச் சில பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே இதில் கிடைப்பவர்களை விடக் கிடைக்காதவர்களே மிக அதிகம். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேர்கூட உள்ளே போவதில்லை. பேராதனையோ யாழ்ப்பாணமோ கிழக்கோ, கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இதன் பின்னால் ஓடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டால், அங்கே உங்களை இடையில் மாறிவரும் மாணவராகப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பண உதவி பல இடங்களில் மிகக் குறைவு. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் விண்ணப்பிக்கச் சரியான காலம். பெரும்பாலான கல்லூரிகளின் கடைசித் திகதி ஜனவரி முதல் வாரத்தில் வரும். முடிவு மார்ச் கடைசியில் வரும். வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட், செப்டெம்பரில்.

பிள்ளைகளே, இனி உங்களிடம். கொமன் அப் என்ற ஒரே விண்ணப்பத்தில் இருபது கல்லூரிகள் வரை கேட்கலாம். அதில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், 650 சொல்லுக்குள். சென்ற முறை நாங்கள் பார்த்த கட்டுரைகளில் பாதி ஒரே மாதிரி. அட்டைக்கடி, கூடை, பாட்டியின் கண்ணீர். அது பொய் இல்லை. ஆனால் அதில் எழுதிய பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மாணவனிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான், லயத்தில் யாருக்குச் சுகமில்லாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய்ச் சிங்களத்தில் பேசிக் கொடுப்பவன் அவன் என்று தெரிந்தது. மருந்துத் துண்டைத் தமிழில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியும் வைப்பானாம். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "அது ஒரு வேலையா?" என்றான். அதுதான் வேலை. பத்து செயற்பாடுகள் வரை எழுத அந்த விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, மாடு வளர்ப்பது, கடையில் கணக்கு எழுதுவது எல்லாம் அதில் வரும். விளையாட்டுப் பதக்கம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்றோ பெறுபேற்றுக்கென்றோ புலமைப்பரிசில் கிடையாது. பணம் தேவையைப் பார்த்துத்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வருமானப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெட்கப்பட்டுக் கூட்டவும் வேண்டாம், பயந்து குறைக்கவும் வேண்டாம். மூத்தவள் கொழும்பில் கடையில் வேலை செய்து அனுப்பும் காசும், தாய் குவைத்திலிருந்து அனுப்பும் காசும், மரக்கறித் தோட்டமும் அதில் வர வேண்டும். வருமான வரிப் பத்திரம் கேட்டால், அந்த அளவுக்கு வருமானம் இல்லாததால் வரி கட்டுவதில்லை என்று எழுதி, தோட்ட ஒபிஸிலிருந்து சம்பளக் கடிதம் வாங்கி இணைக்கலாம். ஒபிஸில் கடிதம் தர இழுத்தடித்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அது நாங்கள் பார்த்துக்கொள்ளும் வேலை.

பல கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் பல ஆயிரம் ரூபா வரும். கட்ட முடியாது என்று கல்லூரிக்கே ஈமெயில் எழுதிக் கேட்டால் பல இடங்களில் விலக்கு உண்டு. கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு, அமெரிக்கப் படிப்பு பற்றிய ஆலோசனை தருகிறது. ஏஜென்டிடம் போகும் முன் அங்கே கேளுங்கள். புல்பிரைட் புலமைப்பரிசில் பட்டம் முடித்தவர்களுக்கானது, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முழுச் செலவும் கிடைத்தாலும், விசாவுக்கு முன் செவிஸ் கட்டணம் 350 டொலர் என்று ஒன்று இருக்கிறது. விசாக் கட்டணம் வேறு. விமானச் சீட்டுக்கும் உதவி உண்டா என்று கல்லூரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில கல்லூரிகள் அதையும் செலவுக் கணக்கில் சேர்க்கின்றன. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த நேரத்தில் தூதரகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காரியாலயத்தில் கணினி திறந்திருக்கும். வருகிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து உள்ள தவணை அறிக்கைகள், சாதாரண தரப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. கடவுச்சீட்டுக்குப் போகும் முன் அதைத் திருத்த வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அதை முதலில் பார்ப்போம். பெற்றோர் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளை எடுத்து வாருங்கள். அவை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.