மானம் காத்த கதை

(விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஜாதி விட்டு ஜாதி காதலித்தால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார்கள். மானத்தைக் காப்பாற்றவே கொன்றோம் என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. காப்பாற்றிய மானம் எங்கே போய் நின்றது? ஒரு கணக்குப் பார்ப்போம்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர், இன்ஜினியரிங் படித்தவர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். இருவரும் 2003 மே 5-ம் தேதி கடலூரில் ரிஜிஸ்டர் கலியாணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ம் தேதி பெண் வீட்டார் இருவரையும் பிடித்து வந்து, ஊரார் பார்த்திருக்க, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். உடல்களையும் எரித்துவிட்டார்கள்.

பையனின் தகப்பனார் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். புகாரை வாங்கவில்லை. செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் வழக்குப் பதிந்தார்கள். அதிலும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டாரே கொன்றதாகக் கதை கட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பக்கத்திலேயே ஆட்களைப் பிடித்துக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2004-ல் ஹைகோர்ட் உத்தரவின் பேரில் சி.பி.ஐ. வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

தீர்ப்பு வர எத்தனை வருஷம்? 18 வருஷம்! ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் சார்ஜும் போச்சு. இது உங்களுக்குத் தெரியாததா? பிள்ளையை இழந்த வீடு அந்தப் பதினெட்டு வருஷமும் வழக்கை விடவில்லை.

2021 செப்டம்பர் 24-ம் தேதி கடலூர் கோர்ட் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் கூடப் பிறந்தவனுக்குத் தூக்கு. பெற்ற தகப்பனுக்கு ஆயுள் தண்டனை. பொய் வழக்கு ஜோடித்த போலீஸ் அதிகாரிகள் இரண்டு பேரும் தப்பவில்லை. 2022-ல் ஹைகோர்ட் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு பேரை விடுதலை செய்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், தண்டனை பெற்றவர்களின் அப்பீலைத் தள்ளி, முருகேசன் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இப்போது சொல்லுங்கள். மகளையும் கொன்று, மகனையும் சிறைக்கு அனுப்பி, தானும் கூண்டில் ஏறிய தகப்பனுக்கு எந்த மானம் மிஞ்சியது? ஜாதிப் பெருமை பேசித் தூண்டிவிட்டவர்கள் வந்து ஜாமீன் கொடுப்பார்களா, அடுப்பு எரிய அரிசி கொடுப்பார்களா? அந்த வீட்டுப் பெண்கள்தான் இரண்டு தலைமுறைக்குச் சுமக்க வேண்டும்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பினால் யாரை மணப்பது என்பது அவர்கள் உரிமை. அப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டுமென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. மிரட்டப்பட்ட பிள்ளைகள் நம் வாசலுக்கு வந்தால், “எந்த ஜாதி?” என்று கேட்காமல் கதவைத் திறப்போம். புகார் கொடுக்கப் போகும் தகப்பனைத் தனியாக அனுப்ப மாட்டோம். சங்கத்திலிருந்து பத்துப் பேர் கூடப் போவோம். ரசீது கையில் வராமல் ஸ்டேஷனை விட்டு நகர மாட்டோம்.

ஒரே வயலில் நாற்று நடுகிறோம். ஒரே ஆலையில் தறி ஓட்டுகிறோம். கூலி உயர்வு கேட்கும்போது சேர்ந்து நிற்கிற நாம், பிள்ளைகளின் உயிரைக் காக்கவும் சேர்ந்து நிற்போம்!