வாரண்டிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?



கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் சரக்கு ஆட்டோக்கள் அதிகம். தேங்காயும் காய்கறியும் அதில்தான் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகின்றன. இடுக்கி மலைக்குப் போனால் ஜீப். மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி எங்கும் ஜீப் ஓடுகிறது. போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து ஏலத் தோட்டத்து வேலையாட்கள் விடியற்காலையில் மலை ஏறுவதும் ஜீப்பில்தான்.

இந்த வண்டிகளில் பலவற்றைக் கடனில்தான் வாங்குகிறார்கள். வண்டி ஓடினால் வருமானம் வரும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. அதனால் வண்டி வாங்குகிற எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது. எஞ்சின் போய்விட்டால் என்ன செய்வது? கியர் பாக்ஸ் உடைந்தால் யார் பணம் கொடுப்பது?

ஷோரூமில் இருப்பவருக்கும் இந்தப் பயம் தெரியும். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“அண்ணா, கம்பெனி வாரண்டி மூணு வருஷம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டுனீங்கன்னா ரெண்டு வருஷம் சேர்ந்து வரும். அஞ்சு வருஷத்துக்கு உங்களுக்குச் செலவே இல்லீங்க.”

“எல்லாமே அதுல வருமுங்களா?”

“எல்லாமே வந்துருமுங்க.”

வாங்குபவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். சீட்டை மடித்து வண்டிக் காகிதங்களோடு வைக்கிறார். ‘எல்லாமே’ என்ற சொல் அந்தச் சீட்டில் எங்கேயும் இருக்காது.

வாரண்டி என்றால் என்ன? சிலர் இதை வாரண்டு என்று சொல்கிறார்கள். வாரண்டு என்பது போலீஸ்காரர் கொண்டுவரும் பிடி ஆணை. அது வேறு. வாரண்டி என்பது உத்தரவாதம். “இந்த வண்டியின் பாகங்களைச் சரியாகச் செய்திருக்கிறோம். செய்ததில் குறை இருந்து பாகம் கெட்டால், இத்தனை காலத்துக்குள் பழுது பார்த்துத் தருவோம். அல்லது வேறு பாகம் மாற்றித் தருவோம்.” இதுதான் அந்த வாக்கு. புது வண்டியோடு வருவது கம்பெனி வாரண்டி. அதன் காலம் முடிந்த பிறகும் தொடர்வதற்குத் தனியாகப் பணம் கட்டி வாங்குவது எக்ஸ்டென்டட் வாரண்டி. நீட்டித்த வாரண்டி என்று சொல்லலாம்.

‘செய்ததில் குறை இருந்து’ என்ற சொற்களை மறக்கக் கூடாது. தகராறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மூணாற்று மலைப் பாதையில் ஓடும் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு. ஓட்டுநரின் கால் கிளட்சிலும் பிரேக்கிலும்தான் இருக்கும். சமவெளியில் ஓடும் வண்டியைவிட இந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். பிரேக் ஷூவும் டயரும் சீக்கிரம் தேயும். இவை குறையால் கெடுவதில்லை. உழைத்துத் தேய்கின்றன. இதற்குப் பெயர் தேய்மானம். தேய்மானத்துக்கு வாரண்டி பொதுவாகப் பணம் தராது. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வைப்பர், பல்பு, ஃபேன் பெல்ட், ஃபில்ட்டர், எஞ்சின் ஆயில் எல்லாம் பெரும்பாலும் ‘பொருந்தாதவை’ என்ற பட்டியலில் இருக்கும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனியின் வாரண்டி தனியாக இருக்கும். அதற்கு வேறு சீட்டு.

மலையில் வண்டி ஓட்டுபவருக்கு அடிக்கடி வருகிற செலவு எது? இந்தத் தேய்மானச் செலவுதான். நீட்டித்த வாரண்டியில் அது வராது. எஞ்சினின் உள்பாகம், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங் போன்றவைதான் பெரும்பாலும் அதில் வரும். இவை அடிக்கடி கெடாது. கெட்டால் பெரிய செலவு வைக்கும். அந்தப் பெரிய செலவுக்குப் பயந்து வாரண்டி வாங்கினால் அதில் நியாயம் உண்டு. மாதாமாதம் வருகிற செலவு தீரும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வெள்ளத்தில் கெட்ட வண்டிக்கும் வாரண்டி வராது. 2018 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. முதிரப்புழை ஆறு பெருகி மூணாற்றுக்குள் வெள்ளம் வந்தது. கேரளம் எங்கும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது கம்பெனியின் குறை ஆகாது. விபத்து, வெள்ளம், தீ, திருட்டு இவற்றுக்கு இன்சூரன்ஸ்தான் வழி. அதிலும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வண்டிக்கென்று ஒன்றும் கிடைக்காது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இன்சூரன்ஸ் வேறு, வாரண்டி வேறு.

இனிக் கணக்குக்கு வரலாம். வாரண்டிச் சீட்டில் காலமும் இருக்கும், கிலோமீட்டரும் இருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘எது முன்னால் வருகிறதோ அது’ என்று இருக்கும். இந்தச் சின்ன வரியில் நிறையப் பணம் இருக்கிறது.

ஒரு சீட்டில் 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தினம் 150 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 25 நாள் ஓட்டம். மாதத்துக்கு 3,750 கிலோமீட்டர். ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர். அப்படியானால் 27ஆம் மாதத்திலேயே ஒரு லட்சம் தாண்டிவிடும். மூன்று ஆண்டு வாரண்டி இரண்டேகால் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. மீதி ஒன்பது மாதம் காகிதத்தில்தான் இருக்கிறது.

அவர் நீட்டித்த வாரண்டியும் வாங்கியிருக்கிறார். அதில் 5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. அவர் ஓட்டத்துக்கு ஒன்றரை லட்சம் 40 மாதத்தில் முடியும். இரண்டு ஆண்டு என்று நினைத்துப் பணம் கட்டினார். கிடைத்தது ஏறக்குறைய 13 மாதம். வீட்டு உபயோகத்துக்குக் கார் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பவருக்கு அதே சீட்டு முழு ஐந்து ஆண்டும் இருக்கும். விலை இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே வாங்கும் முன் தன் ஓட்டக் கணக்கைத் தானே ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் படித்தது இதற்கும் உதவும்.

நீட்டித்த வாரண்டியை வண்டி வாங்கும் அன்றே எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில், முதல் வாரண்டி முடிவதற்குள் எடுத்தால் போதும். தாமதித்தால் விலை கொஞ்சம் கூடலாம். ஆனாலும் விதிகள் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் உண்டு. தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கேரளத்தில் தமிழ் பேசும் சிறுபான்மை மக்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருக்கிறது. அந்தச் சட்டம் தனியார் கம்பெனியின் தாளுக்குப் பொருந்தாது. அதனால் பள்ளிக்கூடத்து ஆசிரியரையோ கல்லூரியில் படிக்கும் பிள்ளையையோ பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாளின் ஆங்கிலம் பட்டம் படித்தவருக்கே தலைசுற்றலைத் தரும்.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது, வாக்குக் கொடுப்பவர் யார் என்பது. வண்டி செய்த கம்பெனியா, விற்கும் ஷோரூமா, வேறு ஒரு நிறுவனமா? கம்பெனி கொடுத்தது என்றால் அதன் எல்லா ஒர்க் ஷாப்பிலும் செல்லும். ஷோரூம் மட்டும் கொடுத்தது என்றால் வேறு ஊரில் செல்லாமல் போகலாம். எல்லைப் பக்கத்து மக்களுக்கு இது பெரிய விஷயம். உடுமலைப்பேட்டையில் வாங்கிய வண்டி மூணாற்றுக்கு அப்பால் அடிமாலியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை ஷோரூமிலேயே கேட்டு, பதிலை எழுதி வாங்க வேண்டும். வண்டியை இழுத்துச் செல்லும் செலவும் வாரண்டியில் பெரும்பாலும் வராது. வண்டி நின்ற நாட்களின் கூலி நட்டமும் வராது.

பிறகு ‘பொருந்தாதவை’ என்ற பகுதி. அது பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்! குறித்த நேரத்தில், கம்பெனி சொன்ன ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக் கெட்டாலும் போய்விடும். ஜீப்பில் ஆட்களை அடைத்து ஏற்றுவதும், சரக்கு ஆட்டோவில் அளவுக்கு மேல் தேங்காய் அடுக்குவதும் இதில்தான் வரும். வெளியே கொடுத்து ஒயரை வெட்டிக் கூடுதல் விளக்கு மாட்டினால், மின்சாரப் பாகங்களுக்கு மறுத்துவிடுவார்கள். மீட்டரைத் திருத்தினால் எல்லாமே போச்சு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பல கம்பெனிகள் வாரண்டியை மறுக்கின்றன. இன்சூரன்ஸுக்கும் அது ஆபத்து.

இன்னொன்று, வழியில் வண்டி நின்றால் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து எஞ்சினைக் கழற்றச் சொல்வது வழக்கம். அவர் கைராசிக்காரராகவே இருக்கலாம். ஆனால் வாரண்டி உள்ள வண்டியில், கம்பெனி ஒர்க் ஷாப்புக்குச் சொல்லாமல் எஞ்சினைப் பிரித்துவிட்டால், “வெளியாள் கைவைத்துவிட்டார்” என்று மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். முதலில் போன் செய்து சொல்ல வேண்டும். சொன்ன நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். சர்வீஸுக்கு விட்டால் ஜாப் கார்டின் நகலும் பில்லும் வாங்க வேண்டும். பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று நுகர்வோர் சட்டமே சொல்கிறது.

ஒரு பாகம் திரும்பத் திரும்பக் கெட்டால் புது வண்டியே கேட்கலாமா? மாருதி கம்பெனிக்கும் கார் வாங்கிய ஒருவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்புச் சொன்னது. வாரண்டியில் எழுதியிருப்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான், காரையே மாற்றித் தருவது அல்ல என்றது. நீதிமன்றமும் முதலில் பார்ப்பது சீட்டில் எழுதியதைத்தான். எழுதியதைச் செய்யாவிட்டால் கம்பெனி தப்ப முடியாது. எழுதாததைக் கேட்டால் கிடைப்பது கடினம்.

வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர்கள் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கு அது. இயந்திரத்தைப் பெரிய தொழிலுக்கு வாங்கியவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் ஆட்டோவை உதாரணம் காட்டினார்கள். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். வாங்கிவிட்டு முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் அப்படி அல்ல.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை மக்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. விற்றவர் இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயம்புத்தூரில் வாங்கினால், பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் நடக்க வேண்டும். 2019இல் புதுச் சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொள்ளாச்சியில் வாங்கியவர் பாலக்காட்டு மாவட்ட ஆணையத்திலும், தேனியில் வாங்கிய குமுளிக்காரர் இடுக்கி மாவட்ட ஆணையத்திலும் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

புகாரைப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள். அவர்கள் கம்பெனியோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீராவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். போகும்போது வண்டி வாங்கிய பில், வாரண்டித் தாள், பணம் கட்டிய ரசீது, சர்வீஸ் புத்தகம், ஜாப் கார்டுகள், கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாம் வேண்டும். மலையில் மழைக்காலம் நீளம். வண்டிக்குள் வைத்த காகிதம் நனைந்து ஒட்டிக்கொள்ளும். இவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வைத்து, வண்டியில் நகலை மட்டும் வைத்தால் போதும்.