மன்னிப்பை யாரிடம் கேட்டீர்கள்?

(லெந்து காலத்தில் பல சபையார் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு பாவமன்னிப்பு. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், எழுப்புதல் சபையார் என்று மூன்று சபைக்காரரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது இந்தத் தலைப்பை எடுப்பதற்குத் தைரியம் வேண்டும். ஏனென்றால் நாம் பிரிந்ததே இதில்தான். குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா, முழங்கால் போட்டு நேரே ஆண்டவரிடம் சொன்னால் போதாதா? ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் விழுந்தால் மறுபடி எழுந்திருக்க முடியுமா? கிருபையா, கிரியையா? என் சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையிலே இந்த வழக்கு ராத்திரி பத்து மணி வரை நடக்கும்.

அந்த வழக்கை இன்றைக்குத் தீர்த்துவைக்க நான் வரவில்லை. ஒரு குற்றச்சாட்டோடு வந்திருக்கிறேன். என் சபை மேலும் உங்கள் சபை மேலும் சேர்த்தே வைக்கிற குற்றச்சாட்டு. நம் வழக்கில் பாவி இருக்கிறான். ஆண்டவர் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் குருவானவர் நிற்கலாமா கூடாதா என்று நூற்றாண்டு நூற்றாண்டாக வாதாடுகிறோம். ஆனால் அவன் யாருக்கு அநியாயம் செய்தானோ, அந்த ஆள் எங்கே? அவளை யார் கூப்பிட்டது? அவளுக்கு எந்த சபை நாற்காலி போட்டது?

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். பெரியப்பா காலமான பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது ஐந்து பவுன் சங்கிலி ஒன்று. கூடப் பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன், தொழிலுக்கு முடை என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தார். மூன்று மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொன்னார். மீட்கவில்லை. சங்கிலி ஏலத்தில் போயிற்று. சில வருஷம் கழித்து மாமா ஒரு கன்வென்ஷனில் மனந்திரும்பினார். மேடை ஏறிச் சாட்சி சொன்னார். குடித்ததைச் சொன்னார், சீட்டாடியதைச் சொன்னார், உடன்பிறந்தவளை ஏமாற்றியதையும் சொன்னார். கர்த்தர் எல்லாவற்றையும் கழுவிவிட்டார் என்று அழுதார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. மூன்றாவது வரிசையில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். வெறுங்கழுத்தோடு.

மறுநாள் அவள் போய்க் கேட்டாள்: "தம்பி, அந்தச் சங்கிலி?"

மாமா சொன்னார்: "அக்கா, ஆண்டவரே மன்னிச்சிட்டாரு. நீ இன்னுமா அத மனசுல வச்சிருக்க?"

அன்றைக்கு ராத்திரி பெரியம்மா எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து என் அம்மாவிடம், தான்தான் பாவியோ என்று கேட்டாள். சங்கிலி போன துக்கம் அவள் குரலில் இல்லை. மன்னிக்க முடியாத மனசோடு திருவிருந்துக்குப் போகலாமா என்கிற பயம் இருந்தது. எடுத்தவர் சுத்தமாகிவிட்டார். பறிகொடுத்தவள் பாவியாகிவிட்டாள். இந்தத் தலைகீழ் எப்படி நடந்தது? நாற்பது வருஷமாக எனக்குள் குடைகிற கேள்வி இதுதான்.

வேதத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? சகேயுவைப் பாருங்கள். எரிகோவின் வரிவசூல்காரன். இயேசு வீட்டுக்குள் வந்துவிட்டார், இனி என்ன என்று அவன் உட்கார்ந்துவிடவில்லை. எழுந்து நின்றான். சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகச் சொன்னான். அந்த நாலு எங்கிருந்து வந்தது? மோசேயின் சட்டத்தில் ஓர் ஆட்டைத் திருடி அதை அடித்தவன் அல்லது விற்றவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும். அரசாங்கச் சீட்டோடு வரி வாங்கியவன் தன்னை ஆட்டுத் திருடன் என்று தானே எண்ணிக்கொண்டு அந்தத் தண்டனையைத் தன் தலையில் எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் சொல்கிறார்.

தாவீதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். தேவனுக்கு மட்டுமே விரோதமாகப் பாவம் செய்தேன் என்ற பொருள்பட தாவீது ஜெபித்தாரே, மனுஷனிடம் ஏன் கேட்க வேண்டும் என்பார்கள். சரி, தீர்க்கதரிசி நாத்தான் அரண்மனைக்குள் வந்து என்ன பேசினார்? நியாயப்பிரமாணத்தை வாசித்தாரா? ஏழை ஒருவனுடைய ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். பறிகொடுத்தவன் பக்கத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். கதையைக் கேட்டுக் கொதித்த தாவீதின் வாயிலிருந்தே வந்த தீர்ப்பிலும் அதே நாலத்தனை இருக்கிறது. தாவீது கொல்லவைத்த உரியா செத்துப்போனவன், அவனிடம் போய்க் கேட்க வழியில்லை. உங்கள் உரியா உயிரோடு இருக்கிறானே! நாலாவது தெருவில் இருக்கிறானே!

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதைப் பிள்ளைகளும் அறியும். காணிக்கையோடு பலிபீடத்தண்டை நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்மேல் குறை என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை. தேவனே தம் ஆராதனையை நிறுத்திவைத்து, முதலில் அங்கே போ என்கிறார். நாமோ அங்கே போகாமல் இருப்பதற்காகவே ஆராதனைக்கு வருகிறோம்.

சபை வரலாற்றிலும் கொஞ்சம் பார்ப்போம். கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். பயந்து பலியிட்டவர்கள் உண்டு. காசு கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் சபைக்குத் திரும்பி வந்தார்கள். கூடவே கூடாது என்றார் ரோமாபுரியின் நோவேஷியன். தவம் செய்தால் சேர்க்கலாம் என்றார் கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியான். சபை பிளந்தது. அந்தச் சண்டையில் ஒன்று என் மனதைத் தொடுகிறது. விழுந்தவர்கள் யாரிடம் ஓடினார்கள் தெரியுமா? சிறையில் வதைபட்ட விசுவாசிகளிடம். உங்கள் கையால் ஒரு சமாதானக் கடிதம் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். அந்தக் கடிதங்கள் பிற்பாடு மலிந்துபோயின. சிப்பிரியான் கண்டித்தது நியாயம். ஆனாலும் காயம்பட்டவன் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது என்று அந்த ஜனம் அறிந்திருந்தது.

அடுத்தது 1517. லூத்தரை நமக்கெல்லாம் தெரியும். டெட்சல் விற்ற பாவமன்னிப்புச் சீட்டின் பணம் ரோமாபுரிப் பேராலயக் கட்டுமானத்துக்கும், பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக ஃபுக்கர் வட்டிக்கடையில் பட்ட கடனுக்கும் போயிற்று. லூத்தர் எழுதிய 95 வாக்கியங்களில் முதலாவது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். சீட்டு வாங்கி முடித்துவிடுகிற காரியம் இல்லை என்றார். புராட்டஸ்டண்டு மேடைகளில் இதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். கேட்கிறேன்: ஊரார் நிலத்தை வளைத்தவன் கோயிலுக்குக் கோபுர மணி வாங்கிக் கொடுக்கிறானே, அது எந்தச் சீட்டு? எடுத்தது ஒருவரிடம், கொடுப்பது வேறிடத்தில். கல்வெட்டில் அவன் பெயரைப் பொறித்துப் பூமாலை போடுகிறோமே, டெட்சலைப் பேச நமக்கு வாய் உண்டா?

நான் ஒரு சபையை மட்டும் சாடவில்லை. உண்மையில் ஒவ்வொரு சபையின் பெட்டியிலும் சரியான உபதேசம் இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்களே, உங்கள் திரெந்து சங்கம் 1551-இல் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று மூன்றையும் வைத்தது. 1992-இல் வெளிவந்த உங்கள் மறைக்கல்வி நூல், பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், ஆனால் பாவம் செய்த சேதத்தைத் தானாகச் சரிசெய்யாது, திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீர்செய் என்று தெளிவாகவே போதிக்கிறது. பின் ஏன் மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு ஆளை அனுப்பிவிடுகிறீர்கள்? எங்கள் ஆங்கிலிக்க மரபில் 1662-இன் ஜெபப்புத்தகத்தில் திருவிருந்துக்கு முன் வாசிக்க ஓர் எச்சரிப்பு இருக்கிறது. அயலானுக்குத் தீங்கு செய்தவன் அவனோடு ஒப்புரவாகி, தன்னால் முடிந்த மட்டும் ஈடு செய்யாமல் மேசையண்டை வரக்கூடாது என்பது அதன் சாரம். நான் பிறந்து வளர்ந்த சபையில் அதை வாசிக்கக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

எழுப்புதல் சபைச் சகோதரர்களே, முன்னால் வாருங்கள் என்று அழைக்கிறீர்களே, அந்த முறையை அமெரிக்காவில் 1830-களில் பரப்பியவர்களில் முக்கியமானவர் சார்லஸ் ஃபின்னி. முன்வரிசைப் பெஞ்சில் பாவிகளை உட்காரவைத்து ஜெபித்தவர். அவரே நியூயார்க் சபையில் அடிமை வைத்திருந்தவர்களுக்குத் திருவிருந்து இல்லை என்று மறுத்தவர். பெஞ்சை எடுத்துக்கொண்டோம். மறுத்த கையை விட்டுவிட்டோம்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: இது கிரியையினால் இரட்சிப்பு அல்லவா? இல்லை, ஐயா. லூத்தரன்களின் 1530 ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் அறிக்கை மனந்திரும்புதலுக்கு இரண்டு பாகம் சொல்கிறது: பாவத்தைக் குறித்த நடுக்கம், மன்னிப்பைப் பற்றும் விசுவாசம். அதற்குப் பின் நற்கிரியைகள் கனியாக வரவேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தால் மாமா பரலோகத்தை விலைக்கு வாங்கியவர் ஆகமாட்டார். அது அவளுடைய சங்கிலி, அவ்வளவுதான். அடுத்தவர் பொருளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கிருபை, கிருபை என்கிறவனைப் பற்றித்தான் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1937-இல் எழுதினார். மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். 1945 ஏப்ரலில் ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்குக் கிருபை மலிவாக இருக்கவில்லை.

சிலுவையில் தொங்கிய கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான் என்றும் கேட்பார்கள். ஐயா, அவன் கைகள் ஆணியில் இருந்தன. உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன?

இப்போது எல்லாரும் சங்கடப்படுகிற இடத்துக்கு வருகிறேன். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. நம் நெல்லைச் சீமையிலே வடக்கன்குளத்தில் கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்துக் கோயில் கட்டினோம். இந்தக் காலில் ஒரு சாதி, அந்தக் காலில் ஒரு சாதி, நடுவே சுவர். 1910 வாக்கில் கௌசானல் சுவாமி காலத்தில் சுவர் இடிபட்டது. அதைத் திரும்பக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று எழுதியும் வைத்தாயிற்று.

நல்லது. சுவரை இடித்தது யார் என்று சரித்திரத்தில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுப்படி ஏறி, எங்கள் பாட்டன்மார் உங்களுக்குச் செய்தது பாவம் என்று சொன்னது யார்? உங்கள் சபையில் இந்த வருஷம் பொதுப் பாவ அறிக்கை சொல்லும்போது சாதி என்ற வார்த்தை ஒருதரமாவது ஒலித்ததா? நினைவாலும் வாக்காலும் கிரியையாலும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதல் கேள்வியாக எதைக் கேட்கிறோம்? கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கிற ஊர் இன்னும் இருக்கிறதே. செத்தவனோடும் ஒப்புரவாகாதவன் எந்த ஒப்புரவைப் பற்றிப் பேசுகிறான்?

கடைசியாக, காயம்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவர் மகன்கள் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமோத்தியும் வண்டிக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் மன்னித்தார். உலகம் வியந்தது. அவர் மன்னித்தபோதே, மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்றும் சொன்னார். அந்த இரண்டாம் பகுதியை நாம் பிரசங்கத்தில் சொல்வதில்லை. முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், புருஷன் அடித்த வீக்கத்தோடு சபைக்கு வருகிற பெண்ணிடம், கிளாடிஸ் மன்னித்தாரே, நீ மன்னிக்கக்கூடாதா என்கிறோம். போதகர்மாரே, கைகூப்பிக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள். கிளாடிஸ் கொடுத்தது அவர் கையில் இருந்த பொருள். அடுத்தவள் கையைப் பிடித்து முறுக்கி அதை வாங்க உங்களுக்கு உரிமை இல்லை.

பெரியம்மா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. செத்தவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எண்ணாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் வழி சொல்கிறது: நெருங்கிய சொந்தத்திடம் கொடு. அவளுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். மாமாவின் பிள்ளைகளில் இரண்டு பேர் இன்று இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

பாட்டுக் குழுவினர் தயாராகுங்கள். வழக்கமாக இந்த நேரத்தில் மேடைக்கு முன்னால் வாருங்கள் என்று அழைப்பார்கள். நான் அப்படி அழைக்கவில்லை. உங்கள்மேல் யாருக்காவது குறை உண்டென்று இப்போது நினைவு வந்தவர்கள் பாட்டு முடிகிறவரை காத்திருக்க வேண்டாம். பந்தலின் பின்பக்கம் திறந்திருக்கிறது. எழுந்து போங்கள். பெரிய வியாழன் திருவிருந்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.