முன்பணம் யார் கொடுத்தது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுவுல ஒருத்தர் மாடு வாங்கினேன்னு சொன்னா முதல்ல என்ன கேட்போம்? "பணம் ஏதுக்கா?"ன்னு கேட்போம். சேமிப்பா, உள்கடனா, வங்கிக் கடனா என்று பதிவேட்டிலும் எழுதி வைப்போம். இந்தச் சாதாரணக் கேள்வியை வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல நேரம் மறந்துவிடுகின்றன.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டு விலை சம்பளத்தைவிட வேகமாக ஏறிவிட்டது. வீட்டுக்கடன் வாங்க முதலில் பெரிய முன்பணம் வேண்டும். அங்குள்ள பத்திரிகைகளில் "25 வயதில் சொந்த வீடு" என்கிற மாதிரி செய்தி அடிக்கடி வரும். கையில் சாவியோடு சிரிக்கிற படம். ஓட்டலுக்குப் போகலை, காபி வாங்கலை என்று சிக்கனக் கதை. கடைசியில் போனால் போகிறதென்று ஒரு வரி: அப்பா அம்மா முன்பணத்துக்கு உதவினார்கள்!

2017-ல் டிம் கர்னர் என்ற ஆஸ்திரேலியக் கட்டடத் தொழிலதிபர் தொலைக்காட்சியில் பேசினார். நான் வீட்டுக்குக் காசு சேர்த்த காலத்தில் 19 டாலருக்கு வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி வாங்கவில்லை என்றார். உலகம் முழுக்க அது செய்தியானது. அவர் தொழில் தொடங்கியபோது தாத்தா பணம் கொடுத்து உதவியவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வாரம் 19 டாலர் மிச்சம் பிடித்தால் வருஷத்துக்கு 988 டாலர். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம் 1 லட்சம். வட்டியை விட்டுவிட்டால், சேர்க்க 101 வருஷம் ஆகும்!

இங்கிலாந்தில் 2016-ல் ஒரு காப்பீட்டு நிறுவனம் கணக்கெடுத்தது. பெற்றோரும் உறவினரும் அந்த ஆண்டு வீடு வாங்கக் கொடுக்கும் பணம் சுமார் 500 கோடி பவுண்டு என்றது. நாட்டின் முதல் 10 வீட்டுக்கடன் நிறுவனங்களில் ஒன்றுக்குச் சமமாம். 'அப்பா அம்மா வங்கி' என்றே பெயர்.

பெத்தவங்க கொடுக்கிறது தப்பில்லை. அதை மறைச்சு எழுதினா, கொடுக்க ஆளில்லாத பிள்ளை "நான்தான் ஊதாரி"ன்னு நினைக்கும். விலையையும் வாடகையையும் கேட்க வேண்டிய கேள்வி அமுங்கிப் போகும்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு சகோதரி வீடு கட்டியதை வெற்றிக் கதையாக எழுதினேன். சேமிப்பை எழுதினேன், மனை அவங்க அண்ணன் கொடுத்தது என்பதை விட்டுட்டேன். அதைப் படிச்ச இன்னொரு சகோதரி, "நானும் எட்டு வருஷமா ஒரு வாரம் தவறாம கட்டுறேன். என்கிட்ட என்ன குறை மேடம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. அவங்ககிட்ட ஒரு குறையும் இல்லை. என் எழுத்துலதான் குறை.

இனி யார் வெற்றிக் கதையைப் படித்தாலும், கேட்டாலும், நம்ம பதிவேட்டுக் கேள்வியைக் கேளுங்க: பணம் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு உங்களோடு ஒப்பிட்டுப் பாருங்க.